கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

வீட்டுக் கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்று சொல்கிற நாலு பேரிடம் விசாரித்தால் நாலு விதமான கோளாறு வெளியே வரும். ஒருவருக்குப் பட்டனை அழுத்தினால் ஒரு விளக்குகூட எரியவில்லை. இன்னொருவருக்கு ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. அடுத்தவருக்குக் கம்பெனி லோகோ வரைக்கும் வந்து, ஆங்கிலத்தில் ஒரு வரியைக் காட்டிவிட்டு அப்படியே நிற்கிறது. கடைசி ஆளுக்கு விண்டோஸ் வருவதுபோல் வந்து, நீலத் திரை காட்டி, திரும்பத் திரும்ப முதலிலிருந்தே ஆரம்பிக்கிறது. நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு. முதல் ஆள் விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்ய யோசிப்பதும் வீண், கடைசி ஆள் பவர் கேபிளை மாற்றுவதும் வீண். ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன், உங்கள் கம்ப்யூட்டர் எதுவரை வந்து நிற்கிறது என்று நிதானமாகக் கவனியுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

பட்டனை அழுத்தியதும் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் இது எளிதாகப் புரியும். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றித் தருவது எஸ்எம்பிஎஸ் எனப்படும் பவர் சப்ளை. மின்சாரம் சீரானதும் அது மதர்போர்டுக்கு, அதாவது எல்லாப் பாகங்களும் செருகியிருக்கும் பெரிய பலகைக்கு, ஒரு சிக்னல் கொடுக்கும். அந்த சிக்னல் வந்த பிறகுதான் பிராசஸர் வேலையைத் தொடங்கும். மதர்போர்டில் ஒரு சிப்பில் பதிந்திருக்கும் சிறு புரோகிராம் முதலில் ஓடும். பழைய கம்ப்யூட்டர்களில் இதற்குப் பயாஸ் என்று பெயர், புதியவற்றில் யுஇஎஃப்ஐ. பேச்சில் இரண்டையுமே பயாஸ் என்றுதான் சொல்கிறோம். அது ரேம் இருக்கிறதா, திரைக்குப் படம் அனுப்ப கிராஃபிக்ஸ் இருக்கிறதா என்று சோதிக்கும். எல்லாம் சரி என்றால் லோகோவைக் காட்டும். அப்புறம் ஹார்ட் டிஸ்க்கையோ எஸ்எஸ்டியையோ தேடிப்பிடித்து, அதிலிருந்து விண்டோஸைத் தொடங்கி வைக்கும். லோகோவைப் பார்த்துவிட்டீர்கள் என்றால் பவர் சப்ளை, பிராசஸர், ரேம், திரை எல்லாமே ஏறக்குறைய நலம். லோகோவே வரவில்லை என்றால் விண்டோஸைப் பற்றிய கவலையே இப்போது வேண்டாம்.

வேலையைத் தொடங்கும் முன் இரண்டு விஷயம். ஒன்று, கம்ப்யூட்டர் போனால் வேறு வாங்கிவிடலாம், அதில் இருக்கும் படங்களையும் கோப்புகளையும் எங்கேயும் வாங்க முடியாது. 'ஃபார்மேட்', 'ரீசெட்', 'இனிஷியலைஸ்' என்று எந்தத் திரை கேட்டாலும், கோப்புகளுக்கு வேறொரு நகல் கையில் இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாமல் சரி சொல்லாதீர்கள். ஆன் ஆகாத கம்ப்யூட்டரில் பெரும்பாலும் டிஸ்க்கில் உள்ளது பத்திரமாகவே இருக்கும். அவசரப்பட்டுச் செய்யும் ரிப்பேரில்தான் அது அழிகிறது. இரண்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் ஆன் செய்து பாருங்கள், பலனை ஒரு தாளில் குறித்துவையுங்கள். நாலைந்தை ஒன்றாக மாற்றி, அது ஓடியும் விட்டால், கோளாறு எது என்று கடைசிவரை தெரியாது. அடுத்த மாதம் அதே கோளாறு வந்து நிற்கும்.

ஒரு விளக்குகூட எரியவில்லை என்றால்

சுவரிலிருந்து தொடங்குங்கள். அதே பிளக் பாயின்டில் ஒரு டேபிள் விளக்கையோ ஃபோன் சார்ஜரையோ செருகிப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், யுபிஎஸ், ஸ்டெபிலைசர் என்று நடுவில் எது இருந்தாலும் அதை விட்டுவிட்டு நேராகச் சுவரில் செருகுங்கள். யுபிஎஸ்ஸில் பேட்டரி செத்துப்போய், விளக்கு மட்டும் எரிந்துகொண்டு மின்சாரம் வெளியே வராத நிலை உண்டு. அது பலரைக் குழப்பியிருக்கிறது.

அடுத்து கம்ப்யூட்டரின் முதுகைப் பாருங்கள். பவர் கேபிள் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் பல பெட்டிகளில் ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் கோடு, மறுபக்கம் வட்டம். கோடு இருக்கும் பக்கம் அழுந்தியிருக்க வேண்டும். பெட்டியை நகர்த்தித் துடைத்த பிறகு ஆன் ஆகவில்லை என்றால் முதல் சந்தேகம் இந்த சுவிட்ச் மேல்தான். பழைய எஸ்எம்பிஎஸ்களில் 115, 230 என்று எழுதிய சிவப்பு சுவிட்ச் ஒன்று தனியாக இருக்கும். அதை விளையாட்டாகத் தள்ளிவிடாதீர்கள். 230 வோல்ட் வரும் இடத்தில் 115-இல் வைத்து ஆன் செய்தால் எஸ்எம்பிஎஸ் கருகிவிடும்.

பவர் கேபிளையும் மாற்றிப் பாருங்கள். பல மானிட்டர்களுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரே மாதிரிக் கேபிள்தான். மானிட்டர் எரிகிறது என்றால் அதன் கேபிளைக் கழற்றி இதில் போட்டால் விஷயம் தெரிந்துவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் உயிர் வரவில்லை என்றால், தேங்கிய மின்சாரத்தை வெளியேற்றிப் பார்க்க வேண்டும். பிளக்கைப் பிடுங்குங்கள். யுஎஸ்பியில் செருகிய அத்தனையையும் எடுத்துவிடுங்கள். பிறகு பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மீண்டும் செருகி ஆன் செய்யுங்கள். மின்தடை வந்து போன பிறகோ இடி மின்னலுக்குப் பிறகோ எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று தன்னைத்தானே பூட்டிக்கொள்வதுண்டு. அது இப்படி விடுபடும். செலவில்லாத வைத்தியம், ஆனாலும் நிறையப் பேர் செய்து பார்க்காமலே கடைக்குத் தூக்கிப் போகிறார்கள்.

அடுத்து, பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து மதர்போர்டைப் பாருங்கள். கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும், பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை எஸ்எம்பிஎஸ் 5 வோல்ட் ஒன்றைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். பல மதர்போர்டுகளில் அதைக் காட்ட ஒரு சிறு விளக்கு இருக்கும். அந்த விளக்கு எரிகிறது, பட்டனுக்கு மட்டும் பதில் இல்லை என்றால், பட்டன் மேலேயே சந்தேகப்படுங்கள். பெட்டியின் முன்பக்கத்திலிருந்து மெல்லிய ஒயர்கள் வந்து மதர்போர்டின் ஓரத்தில் செருகியிருக்கும். அதில் பவர் பட்டனுக்கு ஒரு ஜோடி, ரீசெட் பட்டனுக்கு ஒரு ஜோடி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முதலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, ரீசெட் ஜோடியைப் பவர் ஜோடி இருந்த ஊசிகளில் செருகுங்கள். இப்போது ரீசெட் பட்டனை அழுத்தினால் ஆன் ஆகிறது என்றால் பழைய பட்டன்தான் கெட்டிருக்கிறது. அப்படியே வைத்துக்கொண்டும் வருடக்கணக்கில் ஓட்டலாம்.

அப்போதும் அசைவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ் அல்லது மதர்போர்டு. நண்பர் வீட்டிலிருந்து நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றைக் கொண்டுவந்து மாற்றிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. எந்தக் காரணத்துக்காகவும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் உள்ளே திறக்காதீர்கள். அதன் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். உயிருக்கே ஆபத்து. கெட்டுப்போன எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் புதிதாக ஒன்று மாற்றுவதுதான் ஒரே வழி.

ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை

அதிகம் பேரைத் தவிக்கவிடுவது இந்த நிலைதான். ஏனென்றால் பார்ப்பதற்கு எல்லாம் ஓடுவதுபோல் இருக்கும். முதலில் கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து எரிந்து அணைகிறதா? அப்படியானால் கம்ப்யூட்டர் பெரும்பாலும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, படம் மட்டும் உங்களை வந்து சேரவில்லை.

மானிட்டரின் பட்டனை அழுத்தி, 'இன்புட்' அல்லது 'சோர்ஸ்' என்ற இடத்தில் நீங்கள் கேபிள் போட்டிருக்கும் வாய் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் எச்டிஎம்ஐயில் இருக்கும், மானிட்டர் டிஸ்ப்ளே போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டராக இருந்தால் கேபிள் அந்தக் கார்டில்தான் செருகியிருக்க வேண்டும். மதர்போர்டில் உள்ள எச்டிஎம்ஐ வாயில் செருகினால் பெரும்பாலும் 'நோ சிக்னல்' என்றே வரும். சில பிராசஸர்களுக்குள் கிராஃபிக்ஸ் கிடையவே கிடையாது. இன்டெல்லில் மாடல் எண் எஃப் என்ற எழுத்தில் முடிபவை அப்படித்தான். அவற்றில் மதர்போர்டு வாயிலிருந்து ஒருபோதும் படம் வராது.

கேப்ஸ் லாக் விளக்கும் அசையவில்லை என்றால் காதைத் தீட்டுங்கள். பெட்டிக்குள் சிறு ஸ்பீக்கர் இருந்தால் மதர்போர்டு பீப் ஒலியால் கோளாறைச் சொல்லும். ஒரே ஒரு சிறு பீப் பெரும்பாலும் 'எல்லாம் சரி'. விடாமல் நீண்ட பீப்களாக வந்தால் பெரும்பாலும் ரேம். மற்றபடி இந்த பீப் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உங்கள் போர்டின் கையேட்டைப் பார்த்துத்தான் அர்த்தம் சொல்ல வேண்டும். புதிய போர்டுகள் பலவற்றில் ஸ்பீக்கர் இருப்பதில்லை. அதற்குப் பதில் சிபியு (பிராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (டிஸ்க்) என்று எழுதிய நாலு குட்டி விளக்குகள் ஓரத்தில் இருக்கும். எந்த விளக்கில் வந்து நிற்கிறதோ கோளாறு அங்கே.

திரை வராத கம்ப்யூட்டரில் நான் முதலில் தொடுவது ரேம். சரியாக உட்காராத ரேம், முனை கறுத்த ரேம், இரண்டும் சர்வ சாதாரணம். இதை எப்படிச் செய்வது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒருமுறை பழகிவிட்டால் ஆயுசுக்கும் உதவும்.

பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில், பெட்டியின் உட்புறச் சட்டத்தில், கையை ஒருமுறை வையுங்கள். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும். கம்பளம் மேல் நின்றுகொண்டு இந்த வேலை வேண்டாம். ரேம் என்பது பிராசஸரின் பக்கத்தில் நெட்டுக்குத்தலாக நிற்கும் நீளப் பட்டை. அதன் இரு முனையிலும், சில போர்டுகளில் ஒரு முனையில் மட்டும், சிறு கொக்கி இருக்கும். கொக்கியை வெளிப்பக்கம் சாய்த்தால் பட்டை லேசாக எழும்பி வரும். ஓரங்களை மட்டும் பிடித்து எடுங்கள், கீழ்விளிம்பில் உள்ள தங்கநிறக் கோடுகளில் விரல் படக்கூடாது. அந்தக் கோடுகள் மங்கியோ திட்டுத் திட்டாகவோ இருந்தால், ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய துணியால் ஒரே திசையில் துடையுங்கள். பென்சில் ரப்பரால் தேய்ப்பவர்கள் உண்டு, பலனும் தரும். ஆனால் அது பூச்சைத் தேய்த்துவிடும், துகளும் உதிரும். அதனால் ஆல்கஹாலையே நான் சொல்வேன். ஸ்லாட்டுக்குள் வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போய் ஒட்டும்.

திரும்பச் செருகும்போது பட்டையில் உள்ள வெட்டும் ஸ்லாட்டில் உள்ள முண்டும் நேராக இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள். இரண்டு கட்டைவிரலாலும் இரு முனைகளையும் சமமாக அழுத்துங்கள். புதியவர்கள் பயந்து பயந்து அழுத்துவார்கள், ரேம் முக்கால்வாசி மட்டும் உட்காரும். 'டக்' என்று கொக்கி தானாக வந்து மாட்டும்வரை அழுத்த வேண்டும். கொக்கியை நீங்கள் கையால் தள்ளி மூடினால் அது உட்காரவில்லை என்று பொருள்.

இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள். நாலு ஸ்லாட் உள்ள பெரும்பாலான போர்டுகளில் தனி ரேமுக்கு உரிய இடம், பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட். கையேட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள். வரவில்லை என்றால் அதை எடுத்துவிட்டு மற்றதைப் போடுங்கள். ஒன்றில் வருகிறது, மற்றதில் வரவில்லை என்றால் கெட்ட ரேம் பிடிபட்டது. ஒரு எச்சரிக்கை: டிடிஆர்5 வகை ரேமை மாற்றிய பிறகு முதல்முறை ஆன் செய்தால், போர்டு அந்த ரேமைப் பழக்கிக்கொள்ள சில நிமிடங்கள்கூட எடுத்துக்கொள்ளும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். செத்துவிட்டது என்று நினைத்து நடுவில் அணைக்காமல் பொறுத்திருங்கள்.

ரேமில் பலன் இல்லை என்றால் கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றி மீண்டும் செருகுங்கள். பெட்டியை வண்டியில் ஏற்றி இடம் மாற்றிய பிறகு கனமான கார்டுகள் சற்றுக் கீழே தொங்கி இணைப்பு விட்டிருக்கும். பிராசஸருக்குள் கிராஃபிக்ஸ் உண்டு என்றால் கார்டை முழுதாக எடுத்துவிட்டு மதர்போர்டு வாயில் கேபிளைப் போட்டுப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் இணைப்புகளையும் கவனியுங்கள். 24 ஊசி உள்ள பெரியது ஒன்று, பிராசஸருக்குப் பக்கத்தில் 4 அல்லது 8 ஊசி உள்ளது இன்னொன்று. இரண்டாவது விடுபட்டிருந்தால் ஃபேன்கள் எல்லாம் சுற்றும், பிராசஸர் மட்டும் தூங்கும்.

அடுத்தது பேட்டரி. மதர்போர்டில் நாணயம் அளவில் ஒரு வட்ட பேட்டரி இருக்கும், 3 வோல்ட், சிஆர்2032 என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். தேதியும் நேரமும் அடிக்கடி பின்னோக்கிப் போனால் அது தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதைக் கழற்றிப் பத்து நிமிடம் வைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் பயாஸின் அமைப்புகள் எல்லாம் தொழிற்சாலையில் இருந்த நிலைக்குத் திரும்பும். தவறான அமைப்பினால் திரை வராதிருந்தால் இதில் வந்துவிடும். ஆனால் செய்யும் முன் ஒன்று: டிஸ்க் பிட்லாக்கர் என்ற விண்டோஸின் பாதுகாப்பு வசதியால் பூட்டப்பட்டிருந்தால், பயாஸ் அமைப்பு மாறியதும் விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். பல புதிய லேப்டாப்களில் இந்தப் பூட்டு உங்களுக்குத் தெரியாமலே போடப்பட்டிருக்கும். சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். ஃபோனிலிருந்தே அந்தக் கணக்கில் நுழைந்து பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.

ஆன் ஆகிச் சில நொடியில் தானாக அணைந்துவிடுகிறது என்றால் பிராசஸர் மேல் உள்ள ஃபேனைப் பாருங்கள். சுற்றுகிறதா, தூசியால் அடைத்திருக்கிறதா, ஒரு மூலை கழன்று தொங்குகிறதா? சூடு எல்லை தாண்டினால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள எல்லாவற்றையும் நிறுத்திவிடும். பழைய போர்டாக இருந்தால் உருளை வடிவக் கெப்பாசிட்டர்களின் தலையையும் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டியது உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ போர்டின் காலம் முடிந்தது. 2000களின் முதல் பாதியில் வந்த ஏராளமான போர்டுகள் இப்படித்தான் போயின.

லோகோ வந்து, எழுத்து வந்து நின்றால்

திரையில் வரும் வரியைப் படிக்காமல் அணைத்துவிடாதீர்கள். ஃபோனில் படம் எடுங்கள். 'நோ பூட்டபிள் டிவைஸ்', 'ஆபரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்' போன்றவை எல்லாம் ஒன்றைத்தான் சொல்கின்றன: விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. முதலில் பென்டிரைவ், மெமரி கார்டு, வெளி ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஆன் செய்யுங்கள். மறந்துபோய்ச் செருகிவிட்ட பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டர் தொடங்கப் பார்த்திருக்கலாம்.

பிறகு பயாஸுக்குள் போங்கள். ஆன் செய்த உடனே டெலிட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். சில கம்பெனிகளில் எஃப்10, எஃப்1, எஸ்கேப். லோகோவின் ஓரத்தில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். உள்ளே உங்கள் ஹார்ட் டிஸ்க்கின் அல்லது எஸ்எஸ்டியின் பெயர் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள், வேறெதையும் மாற்றாதீர்கள். பெயர் தெரிகிறது, கம்ப்யூட்டர் விண்டோஸைத் தேடும் வரிசையில் ('பூட் ஆர்டர்') அது பின்னால் இருக்கிறது என்றால் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். பெயரே இல்லை என்றால் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, டிஸ்க்கின் இரு கேபிள்களையும் கழற்றி மாட்டுங்கள். டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்கள் லொடலொடவென்று ஆகிவிடும், கேபிளை மாற்றினாலே சரியாகும் டிஸ்க்குகள் நிறைய. போர்டிலேயே திருகி வைத்த எம்.2 எஸ்எஸ்டி என்றால் திருகைத் தளர்த்தி, எடுத்து, மறுபடி சாய்வாகச் செருகி அழுத்தித் திருகுங்கள்.

பேட்டரியைக் கழற்றிய பிறகு இந்தக் கோளாறு புதிதாக வந்தால் பயாஸில் டிஸ்க்கை எப்படி அணுகுவது என்று சொல்லும் சாட்டா அமைப்பு 'ஏஎச்சிஐ'யிலிருந்து 'ரெய்டு'க்கோ, 'ரெய்டி'லிருந்து 'ஏஎச்சிஐ'க்கோ மாறியிருக்கலாம். பழையபடி மாற்றினால் போதும்.

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்றோ உரசுவதுபோலவோ சத்தம் வந்தால் அந்த நொடியே அணையுங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே தட்டில் கீறல் விழலாம். அதிலுள்ளது முக்கியம் என்றால் தரவு மீட்பில் பழகியவர்களிடம் அப்படியே கொடுங்கள். எஸ்எஸ்டி சத்தமே போடாது. நேற்றுவரை ஓடியது இன்று பயாஸில் பெயரே இல்லாமல் போய்விடும்.

விண்டோஸ் பாதியில் நின்றால்

இங்கே வன்பொருள் பெரும்பாலும் நலம். முதலில் பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து முழுதாக அணைத்துவிட்டு ஆன் செய்யுங்கள். விண்டோஸ் 8 காலத்திலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று உண்டு. சாதாரணமாக ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸின் உள்பகுதி முழுதாக அணையாமல் டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அங்கிருந்தே தொடரும். அந்தச் சேமிப்பில் கோளாறு இருந்தால் அதுவும் சேர்ந்து தொடரும்.

சரியாகவில்லை என்றால் விண்டோஸை மீட்புத் திரைக்கு வரவைக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு முறை தொடங்க முடியாமல் போனால் அடுத்த முறை அது தானாகவே அந்தத் திரையைக் காட்டும். வரவில்லை என்றால், லோகோவின் கீழே புள்ளிகள் சுற்றத் தொடங்கியதும் பவர் பட்டனை அழுத்தி அணையுங்கள், இப்படி இரண்டு மூன்று முறை. 'அப்டேட் நடக்கிறது' என்று சதவீதம் ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள், ஒருமணி நேரம் ஆனாலும் விடுங்கள்.

மீட்புத் திரையில் 'ட்ரபிள்ஷூட்', அதற்குள் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்'. முதலில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்'. பலிக்கவில்லை என்றால், கோளாறு ஒரு அப்டேட்டுக்குப் பிறகு வந்திருந்தால் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்'. அடுத்து 'சிஸ்டம் ரீஸ்டோர்', முந்தைய ஒரு நாளின் நிலைக்குத் திரும்பும், உங்கள் கோப்புகளைத் தொடாது. 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' போய் ரீஸ்டார்ட் கொடுத்து 4ஐ அழுத்தினால் சேஃப் மோடு. அத்தியாவசியமான டிரைவர்களை (கம்ப்யூட்டரின் பாகங்களை இயக்கும் மென்பொருள்களை) மட்டும் வைத்து விண்டோஸ் எழுந்திருக்கும். அதில் வருகிறது என்றால் கடைசியாக இன்ஸ்டால் செய்த புரோகிராமையோ டிரைவரையோ நீக்குங்கள்.

சேஃப் மோடைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் தவறான அப்டேட்டினால் உலகம் முழுக்க ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன, விமானங்கள் ரத்தாயின. அன்று பெரும்பாலானவற்றுக்குச் செய்த வைத்தியம் இதுதான்: சேஃப் மோடிலோ மீட்புத் திரையிலோ போய் ஒரே ஒரு கோப்பை அழிப்பது. இந்த வைத்தியத்துக்கு ஃபார்மேட் தேவைப்படவில்லை.

எதுவும் பலிக்காமல் ரீசெட்தான் மிச்சம் என்றால், அதற்கு முன் கோப்புகளை வெளியே எடுங்கள். மீட்புத் திரையிலேயே அதற்கு வழி இருக்கிறது. 'கமாண்ட் பிராம்ப்ட்' திறந்து, ஆங்கிலத்தில் நோட்பேட் என்று தட்டி என்டர் கொடுங்கள். நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல், ஓப்பன் போய், கீழே 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால் டிஸ்க்கில் உள்ள எல்லாம் தெரியும். வேண்டிய ஃபோல்டரில் வலது கிளிக் செய்து காப்பி எடுத்து, செருகிய வெளி டிஸ்க்கில் பேஸ்ட் செய்யலாம். வேலை முடியும்வரை திரை உறைந்ததுபோல் நிற்கும், பதறாதீர்கள். இங்கே சி டிரைவ் வேறு எழுத்தில் தெரியலாம், பெயரை நம்பாமல் உள்ளே திறந்து பாருங்கள். இன்னொரு வழி, வேறொரு கம்ப்யூட்டரில், விண்டோஸ் போன்ற இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டமான உபுன்டுவைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து இந்தக் கம்ப்யூட்டரைத் தொடங்கி, இன்ஸ்டால் செய்யாமலேயே கோப்புகளை நகலெடுப்பது. பிட்லாக்கர் பூட்டு இருந்தால் இரண்டுக்குமே அந்த 48 இலக்கச் சாவி வேண்டும்.

அதற்குப் பிறகு 'ரீசெட் திஸ் பிசி'யில் 'கீப் மை ஃபைல்ஸ்' தேர்ந்தெடுங்கள். புரோகிராம்கள் போகும், கோப்புகள் இருக்கும்.

லேப்டாப் என்றால்

மேலே சொன்னதில் பெரும்பகுதி லேப்டாப்புக்கும் பொருந்தும். சார்ஜர் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். சி டைப் சார்ஜரில் ஓடும் லேப்டாப்புக்கு ஃபோன் சார்ஜர் பொருந்தும், ஆனால் பெரும்பாலும் அதன் வாட் போதாது. சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் பிடித்து, மீண்டும் மாட்டிப் பாருங்கள். திரை கறுப்பாக இருந்தால் அறையை இருட்டாக்கி, ஃபோனின் டார்ச்சைத் திரைக்குச் சாய்வாகப் பிடித்து உற்றுப் பாருங்கள். மங்கலாக ஐகான்கள் தெரிந்தால் கம்ப்யூட்டர் முழுதாக ஓடுகிறது, திரையின் பின்விளக்குதான் போயிருக்கிறது. மானிட்டரையோ டிவியையோ எச்டிஎம்ஐயில் இணைத்து அதிலேயே வேலை பார்க்கலாம், கோப்புகளையும் எடுத்துவிடலாம்.

டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ அடித்தகடு உப்பியிருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள். தண்ணீரோ தேநீரோ கொட்டியிருந்தால் ஆன் செய்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். ஈரத்தோடு மின்சாரம் பாய்வதுதான் போர்டைக் கொல்லும்.

கடைக்குக் கொண்டுபோகும்போது வெறுமனே 'ஆன் ஆகவில்லை' என்று ஒப்படைக்காமல், நீங்கள் குறித்துவைத்த தாளையும் எடுத்த படங்களையும் காட்டுங்கள். எதுவரை வருகிறது, என்ன மாற்றிப் பார்த்தீர்கள், கோளாறுக்கு முன் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். 'என்னைக் கேட்காமல் ஃபார்மேட் செய்ய வேண்டாம்' என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்க் தனியாகக் கழன்று வரும் என்றால், விண்டோஸ் வரைக்கும் போகாத கோளாறுக்கு அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டே கொண்டுபோகலாம். ரேமையும் போர்டையும் சோதிக்க அவர்களுக்கு உங்கள் டிஸ்க் தேவைப்படாது.